பாயின்ட் ஒன் செவன் செவன்

ரைபிள் ஷூட்டிங் போறேன்னு சொன்னா எல்லாரும் ஒரே வரிசையில மூணு கேள்வி கேப்பாங்க. "நிஜத் துப்பாக்கியா?" "லைசென்ஸ் இருக்கா?" "ஒரு தடவை சுடத் தருவியா?" மெக்கானிக்கல் லேப்ல, கேன்டீன்ல, ஏன், பிளேஸ்மென்ட் இன்டர்வியூல கூட ஹெச்.ஆர். மேடம் இதே வரிசையிலதான் கேட்டாங்க. மூணாவது கேள்வியை மட்டும் சிரிச்சுக்கிட்டே விட்டுட்டாங்க.

இந்த இதழுக்கு எழுதச் சொன்னப்போ, மூணுக்கும் சேர்த்து ஒரே பதிலா எழுதிக் குடுத்துடலாம்னு நினைச்சேன். புதுசா வந்திருக்கிற ரைபிள் மாடல் என்னென்ன, எந்த கேலிபர் எதுக்கு, பிகினர் எதை வாங்கலாம், இப்படி. ஆனா அதே நேரத்துல எங்க வீட்டில வேற ஒரு துப்பாக்கிப் பேச்சு ஓடிட்டு இருந்துச்சு. எங்க அப்புச்சியோட துப்பாக்கி. அதனால இதுல ரெண்டும் கலந்துதான் வரும். எடிட்டர் மன்னிக்கணும்.

முதல்ல அந்த மூணு கேள்வி.

நான் சுடறது 10 மீட்டர் ஏர் ரைபிள். குண்டைத் தள்ளுறது வெடிமருந்து இல்ல, அமுக்கி வெச்ச காத்து. குண்டோட பேர் பெல்லட். ஈயத்துல செஞ்சது, இடுப்பு மட்டும் ஒடுங்கி உடுக்கை மாதிரி இருக்கும், அரை கிராம்தான் எடை. விட்டம் .177 அங்குலம். 25.4-ஆல பெருக்கினா 4.5 மில்லிமீட்டர். 2016-ல வந்த ஆயுத விதிகள்படி, குழல் விட்டம் இந்த .177-ஐத் தாண்டாம, முனையில வெளிவர்ற ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாம இருந்தா லைசென்ஸ் தேவையில்ல. ரெண்டுல ஒண்ணு தாண்டினாலும் தேவை. எங்க மேட்ச் ரைபிள்ல பெல்லட் செகண்டுக்கு 175 மீட்டர் வேகத்துல போகும். முதல் வருஷ ஃபிசிக்ஸ் ஞாபகம் இருந்தா கணக்குப் போட்டுப் பாருங்க, ஏழரை ஜூல் சொச்சம் வரும். அதே அரை கிராம் பெல்லட்டை 20 ஜூலுக்குக் கொண்டுபோகணும்னா வேகம் 280 மீட்டருக்குப் பக்கத்துல போகணும். அதாவது சட்டம் விட்டிருக்கிற எல்லைக்குப் பாதிக்கும் கீழதான் ஒலிம்பிக் ரைபிளே இருக்கு.

ஏழரை ஜூலைக் கேட்டுச் சிரிக்காதீங்க. 140 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கிரிக்கெட் பந்துல 120 ஜூல் இருக்கும், உண்மைதான். ஆனா பந்து உள்ளங்கை அளவு இடத்துல மோதும், இது 4.5 மில்லிமீட்டர்ல மோதும். கண்ணுக்கு ஏழரை ஜூல் ரொம்ப ஜாஸ்தி. கிளப்ல முதல் நாள் துப்பாக்கியைத் தொடவே விடல. லோடு ஆகியிருந்தாலும் இல்லாட்டியும் குழல் முனை டார்கெட் பக்கம் மட்டுமே பார்க்கணும், இதை மட்டும் ஒரு மணி நேரம் சொன்னாங்க. அதனால மூணாவது கேள்விக்குப் பதில்: தரமாட்டேன். கிளப்புக்கு வாங்க, கோச் தருவார்.

அஸ்தம்பட்டியில பொறந்து வளர்ந்தவங்களுக்குத் துப்பாக்கி ஒண்ணும் புதுசில்ல. சென்ட்ரல் ஜெயில் எங்க ஏரியாதான். ஸ்கூல் வேன் அந்த வழியா போறப்போ காவலுக்கு நிக்கிறவரோட தோள்ல தொங்குறதைத்தான் நான் முதல்ல பார்த்தேன். அடுத்தது கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்துல போடுற பலூன் சுடற கடை. அந்தக் கடை ஏர்கன்னும் .177தான், நான் இப்போ சுடறதும் .177தான். ஆனா பலூன் கடைக்காரர் துப்பாக்கியோட சைட்டைக் கொஞ்சம் கோணலாத்தான் வெச்சிருப்பார், அது அவர் பிழைப்பு. என் அப்பா எப்பவும் நாலு விரக்கடை தள்ளிக் குறி வெச்சு ஜெயிப்பார். எங்க வீட்டில முதல் ஷூட்டர் அவர்தான்னு நான் சொன்னா அம்மாவுக்குக் கோபம் வரும்.

இப்போ மாடல் விஷயத்துக்கு வரேன்.

ஏர் ரைபிள்ல மூணு ஜாதி. முதலாவது ஸ்ப்ரிங். குழலை மடக்கினா உள்ளே ஒரு கனமான ஸ்ப்ரிங் அமுங்கும், ட்ரிக்கரை அழுத்தினா அது பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காத்தைத் தள்ளும், காத்து பெல்லட்டைத் தள்ளும். பெல்லட் குழலை விட்டுப் போறதுக்கு முன்னாடியே பிஸ்டன் முன்னால போய் முட்டும். அதனால ரைபிள் முதல்ல பின்னாடி உதைக்கும், உடனே முன்னாடியும் இழுக்கும். வெடிமருந்துத் துப்பாக்கியில கூட இந்த ரெட்டை உதை கிடையாது. ஸ்ப்ரிங்குக்குப் பதில் வாயு அடைச்ச சிலிண்டர் வெச்சா ரெண்டாவது ஜாதி, நைட்ரோ பிஸ்டன். மூணாவதுதான் பி.சி.பி. அதாவது 200 பார் அழுத்தத்துல முன்னாடியே காத்தை அடைச்சு வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ரெகுலேட்டர் வழியா ஒரே அளவு மட்டும் விடறது. கார் டயர்ல ரெண்டு பார்தான் இருக்கும், ஒரு ஒப்பீட்டுக்குச் சொல்றேன். உள்ள அசையற பாகம் குறைவு, உதை இல்லவே இல்லைன்னு சொல்லலாம். இன்னைக்குப் போட்டிக்கு வர்ற எல்லாரும் இதான் வெச்சிருக்காங்க.

பேர் சொல்லணும்னா வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷுட்ஸ். மூணும் ஜெர்மனி. வால்தரும் ஆன்ஷுட்ஸும் உல்ம்ங்கிற ஒரே ஊர்க் கம்பெனிகள். கிளப்ல யாராவது புது மாடல் கொண்டு வந்தா, நம்ம பசங்க புது பைக்கைச் சுத்தி நிப்பாங்கல்ல, அந்த மாதிரி நிப்போம். மரக் கட்டை போய் அலுமினியம் வந்தாச்சு. கன்னம் வைக்கிற இடம், தோள்ல பதியற கொக்கி, கைப்பிடி எல்லாத்துக்கும் அளவு குறிச்ச திருகு இருக்கும். எலெக்ட்ரானிக் ட்ரிக்கர் கூட வந்தாச்சு. விலைதான் லட்சக் கணக்குல. அதைக் கேட்டா எங்க அப்பா "ஒரு புல்லட் வண்டி வாங்கிடலாமே"ம்பார். அவருக்கு எந்த விலையைச் சொன்னாலும் புல்லட் வண்டிக் கணக்குதான்.

நம்ம நாட்டிலயும் இப்போ நல்லா செய்றாங்க. மகாராஷ்டிராவில பிரிசிஹோல்னு ஒரு கம்பெனி ஸ்ப்ரிங், நைட்ரோ, பி.சி.பி. மூணுமே விக்குது. அவங்களோட மூலத் தொழில் ஆழமான துளை போடற மிஷின் தயாரிக்கிறது. நம்ம டிபார்ட்மென்ட்காரங்களுக்கு இது புரியும். அரை மீட்டர் நீளக் கம்பிக்குள்ள நாலரை மில்லிமீட்டர் துளையை வளையாம, ஒதுங்காம போட்டாலே துப்பாக்கியில பாதி வேலை முடிஞ்சுது. உள்ளே திருகு வரி வெட்டறது மீதி. அந்த வரிதான் பெல்லட்டைச் சுழல விடும், அதுக்குத்தான் ரைபிள்னே பேரு. வரி இல்லாத குழல் ரைபிள் கிடையாது. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னு கொஞ்ச நேரத்துல தெரியும்.

என் விஷயத்துல மாடல் தேர்வுன்னு ஒண்ணும் இல்ல. கிளப் ரைபிள்தான், மூணு பேருக்கு ஒண்ணு. என் உயரத்துக்கு கன்னக்கட்டையை ரெண்டு மில்லிமீட்டர் ஏத்தி வெச்சா, அடுத்து வர்ற பையன் இறக்கிடுவான். மறுபடி ஏத்தணும். டார்கெட்ல பத்துங்கிற புள்ளி அரை மில்லிமீட்டர்தான், பெல்லட்டை விடச் சின்னது. பெல்லட்டோட மையம் அந்தப் புள்ளியோட மையத்துல இருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள்ள விழுந்தாத்தான் 10. கால் மில்லிமீட்டருக்குள்ள விழுந்தா 10.9, அதுக்கு மேல மார்க் கிடையாது. பத்து மீட்டர்ல இரண்டரை மில்லிமீட்டர்னா, ஒரு மீட்டர் நீள ரைபிளோட முனை கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலே எல்லை தாண்டியாச்சு. இந்த நிலைமையில 60 ஷாட், 75 நிமிஷம், சேலத்து வெயில்ல, போர்வை மாதிரி கனமான ஜாக்கெட் போட்டுக்கிட்டு. ஜாக்கெட் எதுக்குன்னு கேட்காதீங்க, முதுகெலும்பு செய்ய வேண்டிய வேலையில கொஞ்சத்தை அது செய்யுது.

அபினவ் பிந்த்ரா 2008-ல பெய்ஜிங்ல இதே 10 மீட்டர் ஏர் ரைபிள்லதான் தங்கம் வாங்கினார். கடைசி ஷாட் 10.8. இந்தியாவுக்கு ஒலிம்பிக்ல முதல் தனிநபர் தங்கம். 2016-ல ரியோவில போட்டி அன்னைக்குக் காலையில அவர் ரைபிள் கீழ விழுந்து சைட் உடைஞ்சு போச்சு. நாலாவது இடம் வந்தார். நம்ம ஊர்ப் பொண்ணு இளவேனில் வாலறிவன் இருக்காங்க, கடலூர்ல பொறந்து குஜராத்ல வளர்ந்தவங்க. 2019-ல ரியோ உலகக் கோப்பையில தங்கம். பாரிஸ் 2024-ல 630.7 அடிச்சு பத்தாவது வந்தாங்க. எட்டுப் பேர்தான் ஃபைனலுக்குப் போவாங்க. 630.7-னா ஒரு ஷாட்டுக்குச் சராசரி 10.5-க்கு மேல. அப்படி அடிச்சும் வெளியே. என் ஸ்கோரை இங்க எழுதலாம்னு இருந்தேன், அடுத்த இதழ்ல பார்க்கலாம்.

அஜித் ரசிகர்கள் காத்திட்டு இருப்பீங்க. ஆமா, 2022-ல திருச்சியில நடந்த மாநிலப் போட்டியில அவர் சுட்டார், அவர் டீம் நாலு தங்கம் வாங்குச்சு. அவரோடது பிஸ்டல், ரைபிள் இல்ல. அந்த வருஷம் எங்க கிளப்ல சேர வந்த கூட்டத்தைப் பார்க்கணும். மூணு மாசத்துல பாதிப் பேர் போயிட்டாங்க, ஏன்னா முதல் மூணு மாசம் முக்கால்வாசி ட்ரை ஃபயரிங்தான். பெல்லட் இல்லாம சுவத்தைப் பார்த்து நின்னு ட்ரிக்கர் அழுத்திட்டே இருக்கணும். படத்துல யாரும் அதைக் காட்டறதில்ல.

சரி, அப்புச்சி.

ராசிபுரம் பக்கம், போதமலை அடிவாரத்துல அம்மாவோட ஊர். குச்சிக்கிழங்கும் நெலக்கடலையும் போடற காடு. மலையில இருந்து ராத்திரி காட்டுப்பன்னி இறங்கும். ஒரு குடும்பம் இறங்கினா விடியறதுக்குள்ள அரை ஏக்கர் கிழங்கு தலைகீழாக் கிடக்கும். அதுக்காக அப்புச்சி பயிர் பாதுகாப்புன்னு காரணம் எழுதி லைசென்ஸ் எடுத்து வெச்சிருந்தார். துப்பாக்கி எஸ்.பி.பி.எல். 12 போர். ஒத்தைக் குழல், நடுவுல மடிச்சு தோட்டா போடறது. லைசென்ஸ் புத்தகத்துல முதல் பக்கம் சேலம் மாவட்ட முத்திரை, 1997-ல நாமக்கல் தனி மாவட்டமானதுக்கப்புறம் எல்லாம் நாமக்கல் முத்திரை. எங்க குடும்பத்துல பாஸ்போர்ட்டை விடப் பழைய ஆவணம் அதுதான்.

அவர் ஒரு பன்னியைக் கூடச் சுட்டதில்ல. சுடறதுக்கு வனத்துறை அனுமதி வேணும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். அந்தச் சத்தம் போதமலையில முட்டித் திரும்பி வரும். லீவுக்குப் போயிருந்தா நாங்க பசங்க எல்லாம் போர்வைக்குள்ள எண்ணிட்டு இருப்போம், சத்தம் எத்தனை செகண்ட்ல திரும்புதுன்னு.

போன வருஷம் அவர் போயிட்டார். காரியம் முடிஞ்ச கையோட மாமா துப்பாக்கியைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கினார். லைசென்ஸ் ஆளோட பேருக்குத்தான், வீட்டுக்கு இல்ல. ஆள் இல்லைன்னா ஆயுதத்தை வீட்டில வெச்சிருக்கக் கூடாது. வாரிசுல யாராவது தன் பேர்ல லைசென்ஸ் கேட்டு எழுதலாம், மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடணும். இல்லைன்னா லைசென்ஸ் இருக்கிறவருக்கோ டீலருக்கோ விக்கணும். ரெண்டும் வேண்டாம்னா அரசாங்கத்துக்கே விட்டுடணும்.

ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கேக்கிற வயசு 21. எனக்கு இந்த வருஷம் 21.

"கண்ணு, நம்ம வீட்டில துப்பாக்கின்னா என்னான்னு தெரிஞ்சவ நீ ஒருத்திதான். நீயே உன் பேருக்கு மாத்திக்க. அப்பன் பொருள் வெளிய போக வேண்டாம்"னு மாமா சொன்னார். அவருக்கு முட்டி வலி, ஆபீஸ் ஆபீஸா அலைய முடியாது. அம்மா உடனே, "அண்ணா, பொண்ணு பார்க்க வர்றவங்க கிட்ட என்னான்னு சொல்றது? துப்பாக்கி லைசென்ஸ் இருக்குதுன்னா?" அப்பா, "வரதட்சணை கேக்க மாட்டாங்க." அம்மா அவரைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

எனக்கும் ஆசை இருந்துச்சு. மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா அது ரைபிள் இல்ல. மேல அழுத்திச் சொன்னேனே, அது இதுக்குத்தான். 12 போர் குழலுக்குள்ள வரி கிடையாது, வழவழன்னு இருக்கும். போர்ங்கிற கணக்கே வேற. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையா பண்ணினா, ஒரு உருண்டை எந்தக் குழல்ல சரியாப் போகுதோ அது 12 போர். கணக்குப் போட்டா விட்டம் பதினெட்டரை மில்லிமீட்டர் வரும். அதனாலதான் எண் கூடினா குழல் சின்னதாகும், 20 போர் 12 போரை விட ஒல்லி. இதுக்கும் ஒலிம்பிக்ல இடம் இருக்கு. புதுக்கோட்டை ராஜ குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் 2024-ல ட்ராப் போட்டியில சுட்டது 12 போர்லதான். பறக்கிற களிமண் தட்டை 24 கிராம் சன்ன ஈயக் குண்டுகளால உடைக்கணும். அதுக்கு வேற துப்பாக்கி, வேற மைதானம், வேற பணம். நான் கத்துக்கிட்ட எதுவும் அங்க உதவாது.

கேலிபரைப் பத்திச் சொல்றப்போ இந்த நாட்டோட இன்னொரு எண்ணையும் சொல்லணும். .315. லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்க வீட்டில ரைபிள்னா அனேகமா இதான் இருக்கும். உலகத்துல வேற எங்கயும் இந்த எண்ணைத் தேடிப் பிடிக்கிறது கஷ்டம். வெள்ளைக்காரன் காலத்துல பட்டாளத்தோட ரைபிள் .303. பொதுமக்கள் கையில அதே அளவு இருந்தா பட்டாளத் தோட்டா திருட்டுப் போய் அங்க சேரும்னு பயம். அதனால ராணுவத் தோட்டா பொருந்தாத மாதிரி வேற அளவு வேணும்னு விதி போட்டாங்க. .303 ரைபிளோட அமைப்பையே வெச்சு, தோட்டாவை மட்டும் 8 மில்லிமீட்டரா மாத்தி .315 வந்துச்சு. வங்காளத்துல இஷாப்பூர் தொழிற்சாலையில சுதந்திரத்துக்கு அப்புறமும் அதையே செஞ்சாங்க. தோட்டா நல்லதா கெட்டதாங்கிறது பேச்சே இல்ல, ஆளறவங்களோட பயம் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கு. இன்னைக்கும் .303, 9 மில்லிமீட்டர் எல்லாம் தடை செய்யப்பட்ட போர் வரிசையிலதான். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோட .303-க்கு விடை குடுத்துட்டாங்க. பட்டாளமும் போலீஸும் கைவிட்டாச்சு, நமக்கு மட்டும் இன்னும் தடை. எனக்கு இதுல ஒரு இன்ஜினியரிங் எரிச்சல் இருக்கு. ஆனா விதியைத் தளர்த்தணும்னு சொல்ல வரல.

ஏன்னா மாமா பையன். ப்ளஸ் டூ படிக்கிறான். அப்புச்சி துப்பாக்கி அவனுக்கு வேண்டாமாம். "அது பழசுக்கா. பி.சி.பி. வாங்கலாம், .22. நான் அம்பது வீடியோ பார்த்துட்டேன். .177 எல்லாம் பொம்மைக்கா"ன்னான். அவன் பார்க்கிற வீடியோ எல்லாம் அமெரிக்காவில எடுத்தது. .22, .25, .30-னு ஏர் ரைபிளை வரிசையா வெச்சு, சத்தம் எவ்வளவு, எத்தனை கஜத்துல எத்தனை அங்குலக் கூட்டம்னு சொல்வாங்க. நானும் பார்ப்பேன், நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கோடு. இங்கிலாந்துல அளவைப் பார்க்க மாட்டாங்க, ஏர் ரைபிளோட ஆற்றல் 12 அடி-பவுண்டுக்குள்ள, அதாவது சுமார் 16 ஜூலுக்குள்ள இருக்கணும். ஜெர்மனியில ஏழரை ஜூல். நம்ம நாட்டில ஆற்றலும் பார்ப்பாங்க, விட்டமும் பார்ப்பாங்க. .22 வாங்கினா அது ஏர்கன்னா இருந்தாலும் லைசென்ஸ் வேணும். இதை அவன்கிட்ட சொன்னேன். "ஊர்ல யாருக்கா பார்க்கப் போறாங்க?"

அதுக்கு அடுத்த வாரம் அவன் ஸ்டேட்டஸ்ல ஒரு போட்டோ. யாரோ ஒரு ஃப்ரெண்டோட பழைய ஸ்ப்ரிங் ஏர்கன், திண்ணையில ரெண்டு கௌதாரி. ஒண்ணோட கண் இன்னும் திறந்திருந்துச்சு.

போன் பண்ணினேன். "டேய், முதல்ல அதை எடு."

"ரெண்டுதானேக்கா. அப்புச்சி கூட அந்தக் காலத்துல…"

"அப்புச்சி எதைச் சுட்டார்னு நீ பார்த்தியா?"

பதில் இல்ல. 1972 வனவிலங்குச் சட்டத்துல கௌதாரி, முயல், கொக்கு எல்லாமே வரும், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியால சுட்டாலும் அதே குத்தம்தான்னு சொன்னேன். சட்டத்தை விட, போட்டோ வெச்சு கேஸ் போடுவாங்கங்கிறதுதான் அவனை எடுக்க வெச்சுது. அருணாச்சலப் பிரதேசத்துல 2021-ல லும்டுங்ங்கிற கிராமத்துல ஆரம்பிச்சு, ஜனங்க தாங்களே ஏர்கன்னை அரசாங்கத்துகிட்ட ஒப்படைச்ச கதையையும் சொன்னேன். காட்டுல பறவைச் சத்தமே குறைஞ்சு போச்சுங்கிற கவலையில ஆரம்பிச்ச இயக்கம், ரெண்டாயிரம் ஏர்கன்னுக்கு மேல வந்துச்சு. அவன் "ம்"னான். அந்த ம்-முக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும், நானும் ப்ளஸ் டூ படிச்சவதான்.

அதுக்கப்புறம்தான் எனக்கு அப்புச்சியோட 12 போர் வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. நான் லைசென்ஸ் எடுத்தா அது இருக்கப் போறது ராசிபுரம் வீட்டிலயா, அஸ்தம்பட்டியிலயா? எனக்கு வேலை பெங்களூருல. பி.ஜி.யில நாலு பேர் ரூம்ல வெச்சுக்க முடியுமா? ஊர்ல விட்டுட்டுப் போனா, லைசென்ஸ் என் பேர்ல, பீரோ சாவி மாமா கையில, அம்பது வீடியோ பார்த்தவன் அதே வீட்டில. எலெக்‌ஷன் வர்றப்போ எல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைச்சு, முடிஞ்சதும் திரும்ப வாங்கி வரணும். அதையும் யார் செய்வா?

மாமாவோட ஒரு நாள் ஸ்டேஷனுக்குப் போனேன். கேட்டா காட்டுவாங்கன்னு எதிர்பார்க்கல, காட்டினாங்க. ஒரு மூலையில நாலஞ்சு துப்பாக்கி, கழுத்துல நூல் கட்டி அட்டை தொங்குது. அப்புச்சியோடதுல அட்டையில அவர் பேரைத் தப்பா எழுதியிருந்தாங்க. அப்புச்சி மாசம் ஒரு தடவை தேங்கா எண்ணெய் போட்டுத் துடைப்பார், அந்த வாசனை கட்டையில லேசா இருந்துச்சு. குழல்ல விரல் வெச்சுப் பார்த்தேன், துரு ஆரம்பிச்சிருந்துச்சு. மேல இருந்தா தேய்ச்சு எடுத்துடலாம், உள்ளே குழி விழுந்தா ஒண்ணும் பண்ண முடியாது. மாமா வெளியே வந்து ரொம்ப நேரம் பேசல. பஸ்ல ஏறினதுக்கப்புறம், "என்ன பண்ணலாம்னு உங்க அம்மாயிகிட்ட கேப்போம்"னார்.

அதுவரைக்கும் அம்மாயிகிட்ட யாருமே கேக்கல. கேட்டா அழும், புருசன் ஞாபகமா வெச்சுக்கணும்னு சொல்லும்னு எல்லாரும் நாங்களே முடிவு பண்ணியிருந்தோம்.

அம்மாயி வெத்தலையை மடிச்சு வாயில போட்டுட்டுச் சொன்னாங்க: "அது வீட்டுல இருந்த நாப்பது வருசமும் நான் நல்லாத் தூங்குனதில்ல சாமி. அந்த மனுசனுக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவாரோன்னு தோட்டாவ அரிசி அண்டாவுக்குள்ள வெச்சிருப்பேன். பன்னி வந்துருச்சுன்னா நான்தான் எந்திரிச்சு எடுத்துக் குடுக்கோணும். போயிருச்சா? போகட்டும் உடு."

அம்மாவும் மாமாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. தோட்டா அரிசிக்குள்ள இருந்த விஷயம் ரெண்டு பேருக்குமே அன்னைக்குத்தான் தெரியும். அப்புச்சி கோபக்காரர்னு எனக்கும் அன்னைக்குத்தான் தெரியும். வானத்தைப் பார்த்துச் சுடற ஆள்னுதான் இத்தனை நாளும் நினைச்சிருந்தேன்.

நான் விண்ணப்பம் போடல. டீலர் ஒருத்தர் பார்த்துட்டு, குழல் நிலைமைக்கு விலை பெரிசா வராதுன்னு சொல்லியிருக்கார். வித்தாலும் சரி, அரசாங்கத்துக்கே விட்டாலும் சரின்னு எல்லாருமா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டோம். லைசென்ஸ் புத்தகத்தோட ஜெராக்ஸ் மட்டும் என்கிட்ட இருக்கு, அந்த சேலம் முத்திரைப் பக்கத்துக்காக.

மாமா பையனை ஒரு ஞாயித்துக்கிழமை கிளப்புக்குக் கூட்டிட்டு வந்தேன். பொம்மைன்னு சொன்ன .177-ஐ நின்னுக்கிட்டுப் பிடிக்கச் சொன்னோம். அஞ்சு கிலோ கிட்ட இருக்கும். பத்து ஷாட்ல டார்கெட் அட்டையிலயே பட்டது ஏழு. அதுல ஒண்ணு 9.8. அந்த ஒண்ணை மட்டும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சான். மறுபடி வருவானான்னு தெரியல, எக்ஸாம் இருக்குங்கிறான்.

என் கதைக்கு வந்தா, பெங்களூரு போயிட்டா கிளப் ரைபிள் இங்கயே இருக்கும். முதல் ஆறு மாச சம்பளத்தைச் சேர்த்து செகண்ட் ஹேண்ட் ஜெர்மன் ரைபிள் ஒண்ணு வாங்கலாம்னு அப்பாகிட்ட பேசி வெச்சிருக்கேன். புல்லட் வண்டிக் கணக்கு வந்துச்சு, ஆனா மறுக்கல. கோயம்புத்தூர்ல ஒருத்தர் தர்றேன்னு இருக்கார், விலையும் பரவாயில்ல. யாராவது செகண்ட் ஹேண்ட் பார்த்தீங்கன்னா ஒண்ணு கவனிங்க: குழலை விட முக்கியம் காத்து சிலிண்டர். 200 பார் தாங்குற பொருள், அதுக்குப் பத்து வருஷம்தான் ஆயுள், தயாரிச்ச தேதியை அது மேலயே பொறிச்சிருப்பாங்க. தேதி தாண்டின சிலிண்டரோட போட்டிக்குப் போனா திருப்பி அனுப்பிடலாம், அதை விட, அது நம்ம கன்னத்துக்கு ஒரு அடி தள்ளித்தான் இருக்கு. புது சிலிண்டர் தனியா வாங்கினா செகண்ட் ஹேண்ட்ல மிச்சம் பிடிச்சதுல பாதி போயிடும்.

சிலிண்டர் தேதியைப் போட்டோ எடுத்து அனுப்புங்க சார்னு அவர்கிட்ட கேட்டு ஒன்பது நாள் ஆச்சு. ரைபிளை எட்டுப் பக்கத்துல இருந்து எடுத்து அனுப்பியிருக்கார். அந்தப் பக்கம் மட்டும் இன்னும் வரல.